பென்சிலில் போட்ட ஆப்சென்ட்

எங்கள் கம்பெனியின் மனிதவள மேலாளர் பொய் சொன்னார். மேடையில், மைக்கில், என் கழுத்தில் மாலை கிடக்கும்போது சொன்னார்.

போன மாதம் எனக்குப் பணி ஓய்வு விழா. சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பிறகு அவர் பேசினார். இப்போது லீவு, வருகைப் பதிவு எல்லாம் மொபைலுக்குள் வந்துவிட்டதாம், ஒளிவு மறைவு கிடையாதாம். "அந்தக் காலத்தில் டைம் ஆபீசில் ஆப்சென்ட்டைப் பென்சிலில் போடுவார்கள். வேண்டியவன் வந்து கவனித்தால் ரப்பரால் அழித்துவிட்டு லீவு என்று எழுதுவார்கள். அந்த ஊழலை ஒழித்துவிட்டோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடையில் பேசினால் தட்டுவது பழக்கமாகிவிட்டது. தட்டி முடித்த பிறகுதான் அவர் யாரைச் சொல்கிறார் என்று உறைத்தது.

பென்சிலில் போட்டவர் சாமுவேல் சார். டைம் ஆபீசின் தலைமைக் கிளார்க். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. வந்து பதில் சொல்ல முடியாது. அவருக்குக் கீழே உட்கார்ந்து அதே பென்சிலைப் பிடித்தவன் நான். விழா முடிந்து வெளியே வரும்போது இப்போதைய தொழிலாளிகள் மூன்று பேர் வழி மறித்து, "அண்ணே, மெய்யாலுமே பென்சில்லயா போட்டீங்க?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் நம் சங்க மலரில் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது.

ஆமாம், பென்சிலில்தான் போட்டோம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் வேலை பார்த்த மூன்று இடங்களிலும் உடம்புக்கு முடியாதவனை எப்படி நடத்தினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் காசிமேட்டுக்காரன். பத்தாவது முடித்த கையோடு சித்தப்பாவின் விசைப்படகில் ஏறினேன். அங்கே லீவு என்ற சொல்லே கிடையாது. கடலுக்குப் போனவனுக்குப் பங்கு, போகாதவனுக்கு இல்லை. ஆனால் எங்கள் படகில் ஒரு வழக்கம் இருந்தது. மற்றப் படகுகளில் உண்டா என்று எனக்குத் தெரியாது. நோயில் விழுந்தவன் எழுந்திருக்கும்வரை அவன் வீட்டுக்குப் பாதிப் பங்கு போய்விடும். அதற்குப் பெயர் பாய்ப் பங்கு. பாயில் கிடப்பவனுக்கான பங்கு.

எனக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்தது. பாய்ப் பங்குக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டாம். எங்கள் படகு மீனை ஏலம் விடும் அஞ்சலை அத்தை வந்து பார்த்தால் போதும். ஏலம் முடித்து மீன்கூடையோடு நேராக வந்தார். கூடையை வாசலில் இறக்கினார்.

"இன்னாடா, நெஜமாவே காமாலையா, இல்ல கடலு கசந்துபோச்சா? கண்ணக் காட்டு."

கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். விரலில் இருந்த உப்பும் செதிலும் கண்ணில் பட்டு எரிந்தது.

"மஞ்சளாத்தான் கீது. பட்து கெட. பங்கு வரும்."

வெளியே போய்த் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அசல் காமாலதாம்பா. எவனாச்சும் நடிக்கிறான்னு சொன்னீங்கோ, உங்க கண்ணயும் நோண்டிப் பாப்பேன்."

ஐந்து வாரம் பங்கு வந்தது. நான் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. இருபது வயதில் அதன் மதிப்பு எனக்குத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படகு கடனில் போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சேர்ந்தேன். காண்டிராக்டர் ஆள். உள்ளே வரும் பெட்டியின் நம்பரை எழுதி, எந்த வரிசையில் எந்த அடுக்கில் வைத்தார்கள் என்று குறிப்பது வேலை. நான் நல்ல வேலைக்காரன். ஆயிரம் பெட்டிக்கு நடுவில் ஒரு பெட்டி எங்கே என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்வேன். அங்கே ஞாயிறு விடுமுறைக்குக்கூடச் சம்பளம் கிடையாது. ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தால் சட்டப்படி சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். அதனால் அந்தக் கணக்கு நெருங்கும்போது ஒரு மாதம் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். திரும்பி வந்தால் புது ஆள். மூன்று வருடத்தில் நான் நாலு தடவை புது ஆள் ஆனேன்.

அங்கே இருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. பதினோரு நாள் படுத்திருந்தேன். எழுந்து, சுவரைப் பிடித்து நடக்கிற நிலைமையில் யார்டுக்குப் போனேன். என் ஸ்டூலில் வேறொருவன் இருந்தான். தலையில் என் ஹெல்மெட். அதில் வெள்ளை பெயின்டில் என் பெயரை நானே எழுதியிருந்தேன்.

சூப்பர்வைசரிடம் போனேன். கண்ணியமான ஆள்தான், கத்தவில்லை.

"ஜுரம் சார். இதோ டாக்டர் சீட்டு."

"அத்த வச்சி நான் இன்னா பண்றது மாமு? ஆள் போட்டாச்சி."

"ஹெல்மெட்ல என் பேர் கீதே சார்."

"தின்னர் கீது. அழிச்சிக்குவான்."

அவர் மேசையில் வருகைப் புத்தகம் திறந்து கிடந்தது. என் பெயரைத் தேடினேன். பதினோரு நாளும் ஆப்சென்ட் போட்டிருப்பார்கள் என்று பார்த்தால், அந்த மாதத்து வரிசையில் என் பெயரே இல்லை. அப்போது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் இருக்கிறது. ஒருவனுக்கு ஆப்சென்ட் போட வேண்டுமானாலும் அவன் பெயருக்கு ஒரு வரி வேண்டும். எனக்கு அந்த வரி இல்லை.

தட்டச்சு லோயர் பாஸ் செய்திருந்தேன். அந்த ஒரு காகிதத்தை வைத்து, தொண்ணூற்றெட்டில், திருவொற்றியூரில் நம் கம்பெனியின் டைம் ஆபீசில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கார்டு அடுக்கினேன், பஞ்ச் கடிகாரத்துக்கு ரிப்பன் மாற்றினேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆனால் அங்கே கண்டதை என்னால் நம்ப முடியவில்லை. வேலை பார்த்த நாளுக்கு ஏற்பச் சேருகிற ஈட்டிய விடுப்பு. அவசரத்துக்குத் தற்செயல் விடுப்பு. காய்ச்சல் வந்தால் சிக் லீவு, அதற்கும் சம்பளம். அதற்கு மேல் நோய் நீண்டால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சர்ட்டிபிகேட் வாங்கி வந்தால், ஏறக்குறைய பாதிச் சம்பளம் அரசுத் திட்டத்திலிருந்து வரும். அந்தச் சர்ட்டிபிகேட் நடப்பில் இருக்கும்வரை ஒருவனை வேலையை விட்டு எடுக்க முடியாது. மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஒரே சாலைதான். சாலையின் ஒரு முனையில் டைபாய்டு வந்தவன் பெயர் தின்னரில் அழிகிறது. இன்னொரு முனையில் டைபாய்டு வந்தவனுக்கு வீட்டுக்குப் பணம் போகிறது.

நான் முதல் வருடம் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. நாற்காலி போய்விடும் என்ற பயம். அடுத்த வருடம் ஒருநாள் காய்ச்சலோடு கார்டு எண்ணிக்கொண்டிருந்தபோது சாமுவேல் சார் என் கையிலிருந்து கட்டைப் பிடுங்கினார்.

"எத்தன தடவ எண்ணுவ?"

"தப்பாவே வருது சார்."

"வீட்டுக்குப் போ."

"பரவால்ல சார்."

அவர் எழுந்து வந்து, என் நாற்காலியின் முதுகில் சாக்பீசால் என் பெயரை எழுதினார். யார்டு கதையை ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். "மூணு நாள் கழிச்சு வா. இது இங்கேயே இருக்கும்" என்றார். மூன்று நாள் கழித்து வந்தேன். முதலில் நாற்காலியைத்தான் பார்த்தேன். சாக்பீஸ் எழுத்துகூடக் கலையவில்லை. மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே மூன்று நாளும் சிக் லீவுக்கான எஸ்.எல். பேனாவால் எழுதியிருந்தது. நான் வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி பென்சிலுக்கு வருகிறேன். மேலாளர் அவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

காலை ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் சாமுவேல் சார் கார்டுப் பலகைக்கு முன்னால் போய் நிற்பார். வந்தவன் கார்டு வலது பக்கப் பலகையில் இருக்கும். வராதவன் கார்டு இடது பக்கத்திலேயே தங்கிவிடும். இடது பக்கம் மிஞ்சிய கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை வாய்விட்டுப் படிப்பார். நான் மஸ்டரில் அந்தப் பெயருக்கு நேரே ஆப்சென்ட்டுக்கான ஏ போட வேண்டும். பென்சிலால். பென்சிலை அவரே பிளேடால் சீவித் தருவார். அழுத்திப் போடக் கூடாது, தாளில் பள்ளம் விழும் என்பார். பிறகு அன்றைக்குள் பிரிவு மேஸ்திரியிடம் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்பார். லீவுத் தாள் வந்ததா, இ.எஸ்.ஐ. சீட்டு வந்ததா என்று பார்ப்பார். காரணம் தெரிந்த பிறகுதான் பேனா. மாதம் முடிந்து சம்பளப் பட்டியல் போகும்போது ஒரு பென்சில் எழுத்துகூட இருக்காது. காரணம் இல்லாமல் வராதவனுக்கு அதே ஏ மேல் பேனாவால் ஏ விழும், சம்பளம் வெட்டப்படும்.

ஒரு தணிக்கைக்காரர் வந்து, பதிவேட்டில் பென்சில் கூடாது என்று கோபித்தார். சாமுவேல் சார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தெரிஞ்சத பேனாவால எழுதறோம் சார். இவன் வரலன்னு தெரியும். ஏன் வரலன்னு இன்னும் தெரியாது."

திருட்டு லீவு இருந்ததா? இருந்தது. ஒரு கிரேன் ஆபரேட்டர் வயிற்றுப்போக்கு என்று சிக் லீவு போட்டுவிட்டு, திருவொற்றியூர்த் தேர் வடத்தை முன்வரிசையில் நின்று இழுத்தார். சாமுவேல் சார் அந்த லீவை வெட்டவில்லை. மறுநாள் முழு ஷிப்டும் உள்ளே வருகிற நேரம் பார்த்து, "வயிறு எப்படி இருக்கு? தேர் இழுத்தா நின்னுடுமாமே?" என்று கேட்டார். அந்த ஆளைப் பிறகு ஒரு வருடம் எல்லோரும் தேர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அடுத்த சிக் லீவு எப்போது எடுத்தார் என்று எனக்கு நினைவே இல்லை.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வரும். பட்டினி கிடந்தவனுக்குத் தட்டில் மீதி வைப்பவனைப் பார்த்தால் வருகிற ஆத்திரம். அதனால் நான் டைம் ஆபீசில் கறாரான ஆள் ஆனேன். சாமுவேல் சார் கேள்வி கேட்பதற்குள் நான் பேனாவை எடுத்துவிடுவேன். அந்தக் கறாரால் ஒருவன் குடும்பத்தையே கெடுக்க இருந்தேன். அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கவுதமன். வார்ப்படங்களின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் பிரிவு. மூன்றாவது வருடம் நிரந்தரத் தொழிலாளி. வியாசர்பாடிக் குடியிருப்பு. எங்கள் கம்பெனி ஆட்கள் அங்கே நிறையப் பேர். ஒருநாள் காலை அவன் கார்டு இடது பலகையில் தங்கியது. பென்சில் ஏ. பக்கத்துக் கட்டடத்துக்காரன் ஒருவனைக் கேட்டேன்.

"ஊருக்குப் போய்கீறான் சார். அவன் சம்சாரம் சொல்லிச்சு."

குறிப்பு என்ற இடத்தில் 'ஊர்' என்று எழுதினேன். லீவுத் தாள் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். எங்கள் கம்பெனியின் நிலையாணை விதிப்படி, சொல்லாமல் தொடர்ந்து எட்டு நாள் வராதவன் வேலையைத் தானாக விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் நாள் கடிதம் போகும். ஆறாம் நாள் சாயங்காலமே நான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் அடித்தேன். சம்பளத்தோடு லீவு கொடுத்தும் ஒரு தாள் எழுதிக் கொடுக்க முடியாத திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன்.

சாமுவேல் சார் கடிதத்தைப் படித்தார். மஸ்டரைத் திருப்பி, குறிப்பில் விரல் வைத்தார்.

"ஊர்னு போட்டிருக்க. எந்த ஊர்?"

"தெரியல சார். சொந்த ஊரா இருக்கும்."

"அவன் ஃபைல எடு."

எடுத்தேன். வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த படிவம். தற்போதைய முகவரி: வியாசர்பாடி. நிரந்தர முகவரி: வியாசர்பாடி. அப்பாவின் முகவரி: வியாசர்பாடி. பிறந்த இடம் என்ற கட்டத்திலும் அதே ஊர்தான் இருந்தது.

"இவனுக்கு ஏதுப்பா வேற ஊரு?" என்றார் சாமுவேல் சார்.

ஊருக்குப் போயிருக்கிறான் என்ற சொல்லை நாள் முழுக்கக் கேட்கிறோம். திருவண்ணாமலைக்காரன் போகிறான், நெல்லூர்க்காரன் போகிறான். ஊரே இல்லாதவன் போயிருக்கிறான் என்பதை நான் கவனிக்கவில்லை.

"நாளைக்கு ஏழாம் நாள். கார்டு வேலைய நான் பாத்துக்கறேன். நீ காலையிலயே அவன் வீட்டுக்குப் போ. லீவு ஃபாரம் எடுத்துக்கோ."

மறுநாள் காலை போனேன். மூன்றாம் மாடி. அவன் மனைவி அமுதா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"ஊருக்குப் போய்கீறாரு."

"எந்த ஊரும்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "பண்ருட்டி."

"அங்க யாரு?"

"ஒறவுக்காரங்க."

அவள் தோளுக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. மற்றப் பாத்திரங்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மட்டும் தனியாக ஜன்னல் ஓரத்தில் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தன. ஈரம் இன்னும் காயவில்லை.

"பண்ருட்டிக்குப் போனவரு தட்ட இப்பத்தான் கழுவி வச்சீங்களா?" என்றேன்.

அவள் அப்படியே தரையில் குந்திவிட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "உட்ரு அமுதா. ஆபீஸாண்டயிருந்து வந்துட்டாங்கோ. வரட்டும்."

கவுதமன் சுவரோரம் பாயில் கிடந்தான். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, "அங்கியே நில்லு நைனா, கிட்ட வராத" என்றான். கன்னம் ஒட்டியிருந்தது. காசநோய். தெரிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தனியார் டாக்டரிடம் காட்டி, அமுதாவின் வளையலை வைத்து மருந்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கே. ஏன் போகல?"

"அங்க கியூல குந்திகினு இருக்கிறவன்ல பாதிப் பேரு நம்ம கம்பெனி ஆளு. நான் எதுக்கு வந்தேன்னு சாயந்திரம் டீக்கட வரைக்கும் போய்டும். தங்கச்சிக்குப் பேசி முடிச்சிகீது. டீபி வூட்டுப் பொண்ணுன்னா எவன் கட்டுவான்?"

"சிக் லீவாவது போட்டிருக்கலாமே."

"அதுக்கு டாக்டர் சீட்டு கேப்பீங்கோ. சீட்டுல நோவு பேரு இருக்கும். உன் டேபிள்ல கெடக்கும். வர்றவன் போறவன்லாம் படிப்பான். நீதான் ஒவ்வொருத்தன் சீட்டயும் சத்தமா படிப்பியே."

அது உண்மை. நான் படிப்பேன். கறாரான ஆள் என்று காட்டிக்கொள்ளச் சத்தமாகப் படிப்பேன்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காசநோய்க்கு இ.எஸ்.ஐ.யில் மற்ற நோய்களைவிட நீண்ட நாள் உதவி உண்டு. தொடர்ந்து இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் பார்த்திருந்தான். நான் தட்டச்சு செய்த கடிதம் போனால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். வேலையும் போகும், உதவியும் போகும், மருந்தும் நிற்கும். எந்த நோயை மறைத்தானோ அந்த நோயின் பெயர்தான் அவனைக் காப்பாற்றக்கூடியது. இரண்டு நாள்தான் பாக்கி.

நான் தரையில் உட்கார்ந்து லீவு ஃபாரத்தை எழுதினேன். ஏழு நாள் ஈட்டிய விடுப்பு, காரணம் சொந்த வேலை. அவன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் திருப்பித் தரவில்லை. "வேணாம், இது இங்கியே கெடக்கட்டும்" என்றான். மறுநாள் காலையில் மருந்தகம் திறந்ததும் முதல் ஆளாக வரச் சொன்னேன். வந்தான். அங்கிருந்த கம்பவுண்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கியூவில் நிறுத்தாமல் பின்கதவு வழியாக உள்ளே விட்டார். அவர் பெயரைக் கேட்டு வைக்காமல் போனேன். இன்றைக்கும் அது உறுத்தல். எட்டாம் நாளிலிருந்து தொடங்கும் சர்ட்டிபிகேட் கைக்கு வந்தது.

ஏழு நாள் ஃபாரத்துக்கு, அன்றைக்கு மனிதவள வேலையைப் பார்த்த பர்சனல் ஆபீசர் ஒப்புதல் வேண்டும். ஈட்டிய விடுப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பின்தேதியில் தர முடியாது என்று அவர் தள்ளிவிட்டார். சாமுவேல் சார் வாதாடவில்லை. அலுவலர்களின் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"போன வருஷம் உங்க அம்மாவுக்கு ஆபரேஷன் சார். நாலு நாள் நீங்க சொல்லாம வரல. அந்த நாலும் பென்சில்லதான் இருந்தது. அஞ்சாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டேன்."

அவர் அந்தப் பதிவேட்டை மூடித் தள்ளி வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். மறுத்திருந்தால் விதிப்படி சரிதான்.

திரும்பி வந்ததும் சாமுவேல் சார் ரப்பரை என் பக்கம் தள்ளினார். "நீ போட்டது. நீயே அழி." ஏழு ஏ-க்களையும் அழித்தேன். ஏழாவது அவர் போட்டது, சுத்தமாக அழிந்தது; நான் அழுத்திப் போட்ட ஆறிலும் பள்ளம் போகவில்லை. அதன்மேல் பேனாவால் ஈ.எல். என்று எழுதினேன். எட்டாம் நாளிலிருந்து தொடங்கும் இ.எஸ்.ஐ. சர்ட்டிபிகேட்டை அவர் நாலாக மடித்துத் தன் சொந்த மேசை அறையில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் யாருடைய சீட்டையும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

கிரைண்டிங் ஆட்கள் தினமும் கேட்பார்கள், கவுதமன் எங்கே என்று. சாமுவேல் சார் தலையைத் தூக்காமல் சொல்வார்: "ஊருக்குப் போயிருக்கான்."

"எப்ப சார் வருவான்?"

"பெரிய ஊரு. நாளாகும்."

ஏழு மாதம் கழித்து, வேலைக்குத் தகுதி என்ற கடைசி சர்ட்டிபிகேட்டோடு வந்தான். எடை கூடியிருந்தது. தங்கச்சி கல்யாணம் முடிந்திருந்தது. தூசு இல்லாத ஸ்டோர்சுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். முதல் நாள் கேண்டீனில் ஒருவன் கேட்டான்: "இன்னா மாமு, ஊர்ல மழையா?"

கவுதமன் எதிர் மேசையில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டே, "நல்ல மழ" என்றான்.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவனைக் கேட்டேன். "பேர் போட்டே எழுது நைனா. இனிமே எனக்கு யாரு பொண்ணு தரணும்?" என்றான்.

இது நடந்தபோது, நீங்கள் சொன்ன அர்த்தத்தில் யாரும் யாரையும் கவனிக்கவில்லை, மேலாளர் அவர்களே. காசு வாங்கவில்லை. கவுதமன் வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூடப் பயந்தார்கள். அந்த ரப்பரைத்தான் நீங்கள் ஊழல் என்றீர்கள்.

இப்போது டைம் ஆபீஸ் இல்லை. மொபைலோடு சேர்த்த விரல் வைக்கும் இயந்திரம் இருக்கிறது. அது தவறாக எண்ணுவதில்லை, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனிடம் பென்சில் இல்லை. என் கடைசி வருடத்தில் பெயின்ட் பிரிவுத் தொழிலாளி ஒருவர் டெங்குவில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மொபைலில் லீவு போட அவரால் முடியவில்லை. ஒன்பதாம் நாள் கடிதம் அவர் வீட்டுக் கதவுக்குப் போய்விட்டது. வழக்கு நடப்பதால் பெயர் எழுத வேண்டாம் என்றார். நான் உங்கள் அறைக்கு வந்து சொன்னேன். "சிஸ்டம் போட்டுடுச்சு சார், நான் என்ன பண்றது?" என்றீர்கள். என் வேலைக் காலம் முழுவதிலும் அந்த மாதிரி ஒரு பதிலை நான் இரண்டு இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். இன்னொன்று அந்த யார்டில்.

எனக்குப் பாய்ப் பங்கு கிடைத்தது. சாக்பீசில் பெயர் எழுதிய நாற்காலி கிடைத்தது. அஞ்சலை அத்தைக்கும், பெயர் தெரியாத கம்பவுண்டருக்கும், கையெழுத்துப் போட்ட ஆபீசருக்கும், எல்லோருக்கும் மேலாகச் சாமுவேல் சாருக்கும் நான் கடன்பட்டவன். பெற்றுக்கொண்டவன் என்பதால்தான் கேட்கிறேன்.

என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். போனிலும் வேண்டாம். கேட் பக்கத்து நோட்டீஸ் போர்டில், மூன்று ஷிப்டும் படிக்கிற இடத்தில், உங்கள் கையெழுத்தோடு பதில் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பெயின்ட் பிரிவுத் தொழிலாளிக்குக் கடிதம் போவதற்கு முன்னால், அவர் ஏன் வரவில்லை என்று கேட்க, கம்பெனியிலிருந்து அவர் வீட்டுப் படியேறிய ஆள் யார்?

பெயர் தெரிந்தால் பேனாவால் எழுதுங்கள். தெரியாது என்றால் பென்சிலால் எழுதுங்கள்.